துரையின் பீரும் எங்கள் ஊர் உப்புத் தண்ணீரும்

என் கல்யாணத்தின்போது மாப்பிள்ளைக்கு முன்னால் தண்ணீர் வந்து சேர்ந்தது.

அன்னூருக்கு வடக்கே இரண்டு மைல் உள்ளே இருந்த எங்கள் வீட்டுக்குக் கோயமுத்தூரிலிருந்து முந்தின நாளே ஒரு மாட்டுவண்டி புறப்பட்டுவிட்டது. வண்டி நிறையப் பித்தளை அண்டாக்கள். வாயில் வெள்ளைத் துணி கட்டி, இடுக்குகளில் வைக்கோல் திணித்து, அத்தனையிலும் சிறுவாணித் தண்ணீர். மாப்பிள்ளை வீட்டு ஜனம் குடிப்பதற்கும், அவர்களுக்கு மட்டும் தனியாக உலை வைப்பதற்கும். வண்டிக்காரர் என் அப்பாவிடம், "தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க ஊருத் தண்ணி அவிகளுக்கு ஒத்துக்காதாமாங்க" என்றார். அப்பா, "அதுக்கென்னங்க, எறக்குங்க" என்று சொல்லி, தானும் ஒரு கை கொடுத்து இறக்கிவைத்தார். நான் மஞ்சள் பூசின முகத்தோடு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த அண்டாக்களை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது.

எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பு என்பது பொய்யில்லை. துவரம் பருப்பு வேக இரண்டு பங்கு விறகு ஆகும். சோப்பு எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காது. தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் மாதம் ஒரு முறை கத்தியை வைத்துச் சுரண்டினால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொருக்கு விழும். ஆனால் அதைக் குடித்துத்தான் நானும் வளர்ந்தேன், என் அண்ணன்மாரும் வளர்ந்தார்கள். யாருக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஒரு சொம்பில் தண்ணீர் கொடுப்போம். வந்தவர் அதை வாங்கி இரண்டு மடக்காவது அண்ணாந்து ஊற்றிக்கொண்ட பிறகுதான் மற்றப் பேச்சு. அந்தச் சொம்பை வாங்காவிட்டால் உறவையே வாங்கிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். என் மாமனார் கல்யாணத்துக்கு அப்புறம் நான்கு முறை எங்கள் வீட்டுக்கு வந்தார். நான்கு முறையும் சொம்பை நீட்டுவதற்கு முன்பே, "இப்பத்தானுங்க குடிச்சேன்" என்று கையை உயர்த்திவிட்டார். அதிலிருந்து அவர் வருகிறார் என்று தெரிந்தாலே அப்பா அரிவாளை எடுத்துக்கொண்டு இளநீர் வெட்டப் போய்விடுவார். சம்பந்திக்குச் சங்கடம் வரக்கூடாதாம். சங்கடம் யாருக்கு என்று எனக்குத் தெரியாதா?

மாமனாரை மோசமானவர் என்று சொல்லமாட்டேன். உக்கடத்தில் குளத்துக்குச் சற்று இந்தப் பக்கம் அவருடைய சோடாக் கம்பெனி இருந்தது. முன்னால் கம்பெனி, பின்னால் வீடு. என் மாமியார் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டதால் வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். 'சிறுவாணித் தண்ணீரில் தயாரானது' என்று பலகையில் கம்பெனிப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் எழுதிவைத்திருந்தார். குழாயைத் திறந்து, முதல் டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பாரு அம்மணி, பாலாட்டம்!" என்பார். தண்ணீர் எப்படிப் பாலாட்டம் இருக்கும் என்று கேட்க நாக்கு துறுதுறுக்கும், அடக்கிக்கொள்வேன். என்னைக் கூப்பிடும்போது கண்ணு, அம்மணி என்று பிரியமாகத்தான் கூப்பிடுவார். யாராவது வந்து மருமகள் எந்த ஊர் என்று கேட்டால் மட்டும், "உப்புத் தண்ணிச் சீமைங்க" என்று சொல்லிச் சிரிப்பார். வந்தவரும் சிரிப்பார். நான் உள்ளே போய்ப் பாத்திரத்தை டமார் என்று வைப்பேன்.

இந்த நிலைமையில்தான் துரை வந்து சேர்ந்தார்.

பக்கத்திலிருந்த ஒரு மில்லில் புது நூற்பு இயந்திரங்களைப் பூட்டிக்கொடுக்க இங்கிலாந்திலிருந்து வந்தவர். நாற்பது வயது இருக்கும். சிவந்த கழுத்து, கட்டை விரல் நகத்தில் எப்போதும் கிரீஸ். தமிழை மில் ஃபிட்டர்களிடம் கற்றுக்கொண்டதால் எல்லாவற்றுக்கும் 'ங்க' போடுவார். தனக்குத்தானே பேசிக்கொள்ளும்போதுகூட, "ஸ்பேனர் எங்கேங்க?" என்று கேட்டதாக என் வீட்டுக்காரர் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கம்பெனிக்கு வந்து, ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு சோடா குடிப்பார். குடித்துவிட்டு ஏங்குவார்.

அவர் ஏங்கியது அவருடைய ஊர் பீருக்கு. அப்போது மதராஸ் ராஜ்யம் முழுக்க மதுவிலக்கு. வெள்ளைக்காரர்கள் பர்மிட் வைத்துக்கொண்டு ஏதாவது வாங்கிக்கொள்ளலாம் என்றாலும், அவர் கேட்டது எங்கும் கிடைக்கவில்லை. வீட்டில் காய்ச்சினால் போலீஸ் வரும். ஆகவே அவர் குடிக்க முடியாததைப் பேசித் தீர்த்துக்கொண்டார். மாமனாரும் என் வீட்டுக்காரரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பாட்டில் மூடிகளைத் தரம் பிரித்துக்கொண்டு கேட்பேன். பீரைப் பற்றி இந்த வட்டாரத்திலேயே அதிகம் தெரிந்த, ஒரு சொட்டும் குடிக்காத பெண்பிள்ளை நானாகத்தான் இருந்திருப்பேன்.

அதன் பெயர் பேல் ஏல். நாம் ராகியை முளைகட்டுவது போல அவர்கள் பார்லியை முளைகட்டி, சூளையில் காயவைப்பார்களாம். விறகுப் புகையில் காயவைத்த காலத்தில் பீர் கறுப்பாக இருந்தது. பிறகு புகையில்லாத கரி வந்ததும் முளை வெளுப்பாகக் காய்ந்தது, பீரும் பொன் நிறத்துக்கு வந்தது. அந்தப் பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாறை வடித்து, ஹாப்ஸ் என்கிற கொடியின் பூவைப் போட்டுப் பெரிய செம்புக் கொப்பரையில் கொதிக்கவைக்க வேண்டும். கசப்பில் அந்தப் பூ நம் வேப்பம்பூவுக்கு அண்ணன். அந்தக் கசப்புதான் பீரைக் கெடாமல் காப்பது. இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரர்களுக்காக அதைப் பீப்பாயில் ஏற்றி, ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்தார்கள். அத்தனை வெயிலிலும் புளிக்காமல், வந்து சேரும்போது புறப்பட்டதைவிட ருசியாக இருந்ததாம். "உங்க ஊரு வெயிலுக்குன்னே பொறந்த பீருங்க" என்று துரை பரிதாபமாகச் சொல்வார்.

ஆனால் அவர் உயிரை விட்டது பாட்டில் விஷயத்தில். கொதித்த சாறை ஆறவைத்து, அதை நுரைக்கவைக்கிற ஈஸ்ட்டைப் போட்டு, முதல் நுரைப்பு முடிந்த பிறகு, அடங்கியும் அடங்காமலும் இருக்கிற ஈஸ்ட்டோடு, துளி சர்க்கரையும் சேர்த்துப் பாட்டிலில் அடைப்பார்கள். பாட்டிலுக்குள் அது இரண்டாம் முறை நுரைக்கும். கேஸ் தானாகவே உண்டாகும். நாளாக ஆக ஈஸ்ட் அடியில் மண்டியாகப் படியும், மேலே தெளிவு நிற்கும். எங்கள் கம்பெனியின் கேஸ் சிலிண்டரைக் காட்டி, "இது செத்த தண்ணிங்க. பாட்டில்ல உசுரு இருக்கோணுங்க" என்பார். மாமனாருக்கு முகம் சுண்டிப்போகும்.

ஒரு ஞாயிறு, அப்படி ஒரு பீர் அந்த ஊரில் மட்டும் எப்படி வந்தது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். துரை சொன்ன பதிலைக் கேட்டு என் கையிலிருந்த மூடிகள் தரையில் கொட்டிவிட்டன. எல்லாம் தண்ணீர்தானாம். அவருடைய ஊர்க் கிணறுகள் சுண்ணாம்புப் பாறையில் ஊறுகிற கிணறுகளாம். சோப்பு நுரைக்காதாம். கெட்டிலில் வெள்ளையாகப் படியுமாம். அவருடைய அம்மா துணி துவைக்கும்போதெல்லாம் தண்ணீரைத் திட்டுவாராம். ஆனால் அந்தத் தண்ணீரில்தான் ஈஸ்ட் ஒழுங்காகப் போய் அடியில் உட்காரும், பீர் கண்ணாடியாகத் தெளியும். நல்ல தண்ணீர் ஊர்க்காரர்கள் எவ்வளவோ செய்துபார்த்து முடியாமல், கடைசியில் தங்கள் தண்ணீரில் அந்தச் சுண்ணாம்பு உப்பைக் கலந்துகொண்டார்களாம்.

நான் குனிந்து மூடிகளைப் பொறுக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏழு கடல் தாண்டி ஒரு ஊரில், எங்கள் ஊர்த் தண்ணீர் மாதிரியே ஒரு தண்ணீருக்கு நல்ல தண்ணீர் ஊர்க்காரர்கள் ஏங்கியிருக்கிறார்கள்!

இரண்டு மாதம் கழித்து மில்லில் இயந்திரங்கள் ஓடத் தயாராகும் நிலைக்கு வந்தன. முதல் நூல் ஓடுகிற அன்று துரையின் பங்களா முற்றத்தில் ஒரு சின்ன விருந்து, முதலாளி, மானேஜர், ஃபிட்டர்கள் எல்லோருக்கும். பீர் கிடையாது, ஆகவே அதன் தங்கை வேண்டும் என்றார் துரை. ஜிஞ்சர் பீர். பெயரில்தான் பீர், போதை கிடையாது. நாங்கள் விற்றுக்கொண்டிருந்தது எசென்ஸும் கேஸும். அவர் கேட்டது நிஜ இஞ்சியை நசுக்கிக் கொதிக்கவைத்து, ஈஸ்ட் போட்டு, பாட்டிலுக்குள் உயிரோடு நுரைக்கிற பழைய முறை. நான்கு டஜன் பாட்டில். மாமனாருக்குத் தலை கால் புரியவில்லை. முதலாளி வாயில் நம் சரக்கு!

முதல் ஈடு சிறுவாணியில் போட்டோம். இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சம்பழம், பேக்கரியிலிருந்து ஈஸ்ட். பாட்டில்களை ஈர மணலில் நிறுத்திப் பத்து நாள் காத்திருந்தோம். துரை வந்து தானே ஒன்றைத் திறந்தார். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, மணிக்கட்டை அசைக்காமல், ஒரே ஓட்டமாக ஊற்றினார். பாட்டிலில் ஒரு விரல்கடை மிச்சம் இருக்கும்போது சட்டென்று நிமிர்த்தி நிறுத்திவிட்டார். கிளாஸைச் சூரியனுக்கு எதிரே தூக்கினார். அரிசி கழுவின தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது. ருசி பரவாயில்லை என்று மரியாதைக்குச் சொன்னார், ஆனால் முகம் விழுந்துவிட்டது.

அவர் போன பிறகு மாமனார், "பாத்தயா, அடியில மிச்சம் வெச்சுப்போட்டுப் போறாரு. நம்ம சரக்குன்னா எளக்காரம்" என்று அந்த விரல்கடையைத்தான் பிடித்துக்கொண்டார்.

நான் வெளியே வந்தேன். "ஏனுங்க மாமா, எங்கப்பன் கெணத்துத் தண்ணியில ஒரு ஈடு போட்டுப் பாக்கலாமுங்களா?"

மாமனார் என்னைப் பார்த்தார். பிறகு தன் மகனைப் பார்த்தார். "உப்புத் தண்ணியிலயா? நம்ம போர்டுல என்ன எழுதியிருக்குதுன்னு தெரியுமா அம்மணி?"

"தெரியுமுங்க. அதுலதான் இப்பக் கலங்கிப்போச்சுங்க."

வாய் நீளம்தான். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார், சிரிப்பை மறைக்க. மாமனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "செரி, போடு. கெட்டுப்போச்சுன்னா அந்தத் தண்ணிப் பேச்சே இந்த ஊட்டுல இருக்கக்கூடாது."

"கெடாம வந்துச்சுன்னா?"

"வந்தா என்ன வேணும்? சொல்லு."

"எங்கப்பன் கையில ஒரு சொம்பு தண்ணி வாங்கிக் குடிக்கோணுமுங்க. வேறொண்ணும் வேண்டாமுங்க."

அந்த வண்டியும் அண்டாக்களும் அந்த நிமிஷத்தில் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுக் குளத்துப் பக்கம் நடந்துபோனார்.

கடிதம் போட்டேன். அந்த வாரமே அப்பா இரண்டு பெரிய பால் கேன்களில் தண்ணீரை பஸ் மேலே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கண்டக்டர், "ஏனுங்க, கோயமுத்தூருக்கே தண்ணி கொண்டுபோறீங்களாக்கும்?" என்று வழியெல்லாம் கேலி செய்தானாம். அப்பா கேன்களை இறக்கிவைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுக்கு கண்ணு இந்த வம்பு? ஆகாமப் போனா அவிக மூஞ்சியில எப்படி முழிக்கறது?" என்றார். எனக்கும் பயம்தான். ஆகும் என்றேன். விருந்துக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனவர், விருந்தன்று காலையில் வெளுத்த சட்டையோடு திரும்ப வந்தார்.

அந்த ஈடு முழுக்க என் கையால் போட்டது. இட்லி மாவு எப்போது பொங்கும், எப்போது கட்டுமீறும் என்று மூக்கிலேயே தெரிகிற எனக்கு ஈஸ்ட் ஒன்றும் அந்நியமாகத் தெரியவில்லை. மண்டி படிகிற வரை ஒரு பாட்டிலையும் யாரும் அசைக்கக்கூடாது என்று உத்தரவு போட்டேன். ஒன்பதாம் நாள் பின்கட்டில் என் வீட்டுக்காரர் ஒரு பாட்டிலைத் திறந்தார். துரை ஊற்றியது போலவே நான் ஊற்றினேன். கிளாஸுக்குப் பின்னால் என் வீட்டுக்காரரின் விரல் ரேகை தெரிந்தது. "சாதிச்சுப்போட்டயே!" என்றார். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அந்த மனுஷன் அவ்வளவு சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

விருந்தன்று முற்றத்தில் நாற்காலிகள். நடுவில் முதலாளி, பக்கத்தில் துரை. அப்பா ஃபிட்டர்களோடு பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் சமையற்கட்டு வாசலில். முதல் கிளாஸை முதலாளிக்குத் தன் கையாலேயே ஊற்றுவதாக மாமனார் முன்பே சொல்லியிருந்தார். மூடியைத் திறந்தார். உஸ் என்று சத்தம். கூட்டம் சந்தோஷப்பட்டது. விருந்தாளிக்கு ஊற்றுவதை நாம் எப்படி ஊற்றுவோமோ அப்படி ஊற்றினார். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும், அடியில் இரண்டு தட்டும் தட்டி. படிந்திருந்த மண்டி அத்தனையும் கிளாஸில் இறங்கிக் குழம்பியது. முதலாளி கிளாஸைப் பார்த்தார், கீழே வைத்துவிட்டார்.

"உப்புத் தண்ணிங்க" என்றார் மாமனார், எல்லோர் காதிலும் விழும்படி. "நம்ம சிறுவாணி இல்லீங்க. சம்பந்தி ஊட்டுக் கெணறு. மருமகப் புள்ள ஆசைப்பட்டுதேன்னு..."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வெளுத்த சட்டையில் அவர் குனிந்து நின்றதைப் பார்த்ததும் என்னால் வாசலிலேயே நிற்க முடியவில்லை. நாலு பேர் நடுவில், அதுவும் முதலாளிமார் நடுவில், எங்கள் வீட்டுப் பெண்கள் வந்து நிற்கிற வழக்கம் அப்போது இல்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வாயைத் திறக்காமல் கண்ணாலேயே 'போ' என்றார்.

போனேன். புதுப் பாட்டில் ஒன்றை எடுத்தேன், ஆட்டாமல். கிளாஸைச் சாய்த்தேன். ஒரே ஓட்டம். மணிக்கட்டை அசைக்கவில்லை. ஒரு விரல்கடை இருக்கும்போது நிறுத்தினேன்.

"அம்மணி! முதலாளிக்கு மிச்சம் வெச்சா ஊத்தறது?" மாமனார் பதறிப்போனார்.

"அது மண்டிங்க மாமா. அதையும் சேத்து ஊத்துனாத்தான் மரியாதக் கொறவுங்க" என்றேன்.

கிளாஸை முதலாளியிடம் நீட்டப் போனேன். துரை நடுவிலேயே வாங்கிவிட்டார். எழுந்து நின்று வெயிலில் தூக்கிப் பார்த்தார். இளமஞ்சளாக, அடியிலிருந்து குமிழ் குமிழாக ஏற, தூசு துரும்பு இல்லாமல் நின்றது. ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். பிறகு முதலாளிக்கு ஊற்றியது என்பதே மறந்து முழுதையும் குடித்துவிட்டார். "எங்க ஊருத் தண்ணிங்க இது!" என்று கத்தினார். "எங்க ஊருத் தண்ணிங்க! யாரு கெணறுங்க?"

என் வீட்டுக்காரர்தான் கூட்டத்துக்குப் பின்னால் கையைக் காட்டினார். துரை நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போய் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். அப்பா கும்பிடுவதா, குலுக்குவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார். மிச்ச பாட்டில்களையும் நான்தான் ஊற்றினேன். முதலாளி இரண்டு கிளாஸ் குடித்தார். நாற்பத்தாறு பாட்டிலின் அடியிலும் விரல்கடை மிச்சம் இருந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த கர்வத்தை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமே வரவில்லை.

பந்தயத்தை மாமனாரும் எடுக்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. பெரியவரை மடக்குவது அழகில்லை என்று விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய். மறுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

பதினைந்து நாள் கழித்து ஒரு காலை, "கெளம்பு கண்ணு, உங்க ஊருக்குப் போய்ட்டு வரலாம்" என்றார். பஸ்ஸில் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து பருத்திக் காடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். அன்னூரில் இறங்கி இரண்டு மைலும் வெயிலில் நடந்தோம். அண்ணன் எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். நாங்கள் வாசலுக்குப் போவதற்குள் அப்பா வழக்கம்போல அரிவாளோடு வெளியே வந்து, "வாங்க சம்பந்தி, உக்காருங்க, ஒரே நிமிசம்" என்று தென்னை மரத்தைப் பார்த்து நடந்தார்.

"எளநி வேண்டாமுங்க சம்பந்தி" என்றார் மாமனார். "அது விருந்தாளிக்குங்க. எனக்குக் கெணத்துத் தண்ணி ஒரு சொம்பு குடுங்க."

அப்பா அரிவாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். பெரிய சொம்பு, நிறைய. மாமனார் இரண்டு கையாலும் வாங்கினார். அண்ணாந்து, மூச்சுவிடாமல் குடித்தார். முகம் ஒரு கோணல் கோணியது, அதை அவரால் மறைக்க முடியவில்லை. உப்பு உப்புத்தானே. ஆனாலும் நிறுத்தவில்லை.

குடித்து முடித்ததும் சொம்பை எங்கள் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை.